அறுபது வைத்தால் அறுபத்து மூன்று

“நாலு கிலோ,” என்றாள் சிஸ்டர் ஷைஜா.

துணை சுகாதார நிலையத்துத் தராசில் ஏறி நின்றவள் ஆதிரா. ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆனால் சிஸ்டர் முறைத்தது அவளை அல்ல. கதவோரம் செருப்புக்குக் காவல் நின்ற அவள் கணவன் முருகதாஸை.

“போன மாசம் அறுபது. இப்ப அறுபத்திநாலு. மாசத்துக்கு ஒண்ணரை, மிஞ்சிப்போனா ரெண்டு கிலோ கூடலாம். இப்பிடி நாலு நாலாட்டு கூடினா சுகரு வரும், பிரஷரு வரும், பிரசவத்துக்கும் பாடு. என்னதான் தின்னக் குடுக்கிய?”

“சாதாரணமாட்டு உள்ளதுதான் சிஸ்டர்.”

“சாதாரணம்னா?”

முருகதாஸ் ஒளிக்காமல் சொன்னான். “சாயங்காலம் கடையடைச்சு வரும்போ கொஞ்சம் ஏத்தங்காய் சிப்ஸ். ஒரு நாலு நெய்யப்பம். ரசவடை சூடாட்டு இருந்தா மட்டும் வாங்குவேன். ராத்திரி கெடக்கும்போ ரெண்டு செவ்வாழை. ரெண்டு பேருக்குள்ளதுல்லா சிஸ்டர்?”

“ரெண்டாவது ஆளு இப்ப ஒரு ஏத்தங்காய் நீளம்தான் இருக்கு. அதுக்கு நாலு நெய்யப்பமா?”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். முருகதாஸ் சிரிக்கவில்லை. அவன் வாங்கி வருவதை ஆதிரா வேண்டாம் என்று சொல்லாமல் இல்லை. “உனக்கா வாங்கினேன்? பிள்ளைக்குல்லா” என்று சொல்லி, காகிதப் பொட்டலம் காலியாகும்வரை எதிரே உட்கார்ந்திருப்பான். பாசத்தில் அவனுக்குக் கணக்குக் கிடையாது.

சர்க்கரைப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. மீன், முட்டை, கீரை நிறைய. எண்ணெய்ப் பலகாரம் இல்லை. தினமும் அரை மணி நேரம் நடை. இவ்வளவும் கர்ப்பிணி அட்டையில் எழுதிக் கொடுத்து சிஸ்டர் அனுப்பினாள்.

வெளியே வந்ததும் ஆதிரா மெதுவாகக் கேட்டாள். “இஞ்ச பாருங்க, அந்த மெஷினு சரியாட்டு இருக்குமா?”

முருகதாஸ் நின்றுவிட்டான். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாகத் தராசு பழுதுபார்க்கிறவன் அவன். மீன் சந்தைத் தராசு முதல் ரேஷன் கடைத் தராசு வரை அவன் கை படாதது இல்லை. இந்தக் கேள்வி தனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கப்பட்டான்.

நேரே கடைக்குக் கூட்டிப்போய், அரசு முத்திரை போட்ட தராசில் அவளை ஏற்றினான். அறுபத்தொன்று.

“பாத்தியா! அட்டையில போன மாசம் அறுபது. இப்ப அறுபத்தொண்ணு. ஒரே ஒரு கிலோதான் கூடிருக்கு!”

“அப்பிடியா?” என்றாள் ஆதிரா. “அப்போ அத நீங்கதான் சரியாக்கிக் குடுக்கணும். எத்தன பொம்பளையளு ஏறி நிக்க மெஷினு!”

மறுநாள் காலையில் இருபது கிலோ எடைக்கல் மூன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனான். மூன்று கல்லையும் தராசில் வைத்தான். முள் அறுபத்து மூன்றில் போய் நின்றது.

சிஸ்டர் ஷைஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போதும் அறுபத்து மூன்றுதான்.

“ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு சிஸ்டர். ரெண்டு வருஷமாவது இருக்கும். நான் சும்மாவே சரியாக்கித் தாறேன்.”

அந்த ஸ்பிரிங் தக்கலையில் கிடைக்கவில்லை, நாகர்கோவிலிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய தராசைப் பிரித்து எடுத்துப் பொருத்தினான். ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் கையில் எண்ணெயும் கரியுமாக நேரம் கழித்து வீட்டுக்கு வந்தான். ஆதிரா அதற்குள் கஞ்சியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த மாதப் பரிசோதனை நாளில் பத்தொன்பது கர்ப்பிணிகள் வந்தார்கள். கடைத் தராசின் அறுபத்தொன்றை அட்டையில் எழுதி வாங்கியிருந்த ஆதிராவைத் தவிர பதினெட்டுப் பேருக்கும் எடை குறைந்திருந்தது.

முதலில் சத்தம் போட்டது லீலாபாய். அவளுடைய மருமகள் ஜெப்சி ஆதிராவின் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கும் அதே மாதம்தான்.

“போன மாசம் அம்பத்தேழு, இப்ப அம்பத்தஞ்சா? நான் மருமவளுக்குச் சோறு போடல்லன்னு சர்ச்சு சபையில பேசமாட்டாவளா?”

“மெஷின சரியாக்கியிருக்கு, அம்மா. முன்ன கூடுதலாட்டு காட்டிச்சு,” என்றாள் சிஸ்டர்.

“யாரு சரியாக்கினா?”

“முருகதாஸ்.”

“ஆதிராக்க மாப்பிள்ளையா?” லீலாபாய் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். “பெண்டாட்டிக்குக் கூடிப்போச்சுன்னு ஊரு மெஷினயே கொறச்சு வச்சிருக்கான்!”

பதினெட்டு மாமியார்களுக்கும் இது உடனே விளங்கியது. அன்று மாலையே வீடுகளில் முட்டை உடைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கிராமம் முழுக்கச் சிவப்பாகக் காட்டுகிறதாம், அங்கே பஞ்சமா என்று கேட்டார்கள்.

“நீங்க கெடுத்தது, நீங்களே வந்து சொல்லுங்க,” என்று சிஸ்டர் முருகதாஸைக் கூப்பிட்டாள்.

“விட்டிராதீங்க,” என்றாள் ஆதிரா. “நாலு பேருக்க முன்னால வச்சு நிறுத்துக் காட்டுங்க.”

நல்ல யோசனையாகப் பட்டது. எடைக்கல்லைக் கொண்டுபோனால் அதையும் அவன் குடைந்து வைத்திருக்கிறான் என்பார்கள். ஆகவே சுயம்புராஜின் மளிகைக்கடையில் எல்லார் முன்னிலும் இருபத்தைந்து கிலோ அரிசி நிறுத்து, மூட்டையைக் கட்டி, சுகாதார நிலையத்துத் தராசில் தூக்கி வைத்தான்.

இருபத்துநாலு.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் சுகாதார நிலையத்துத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்றார்கள். மீதிப்பேர் நேரே சுயம்புராஜின் கடைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே சுயம்புராஜ் ஓடிவந்து முருகதாஸின் சட்டையைப் பிடித்தார்.

“ஏலே முருகதாசு, எனக்க தராசுக்கு முத்திர வாங்கித் தந்ததே நீதானலே!”

அந்தத் தராசைச் சரியாக்க நாலு நாள் போனது. அடுத்து, முத்திரை இருந்தும் நம்பிக்கை போய்விட்ட மற்ற கடைக்காரர்களின் தராசுகள் வந்தன. முருகதாஸ் இரவு வந்து தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தான். மூன்று கிலோ இளைத்திருந்தான். அதை நிறுத்துப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

மாசக் கடைசியில் சிஸ்டர் ஷைஜா கடைக்கே வந்தாள். முகம் வாடியிருந்தது.

“மெமோ குடுப்பாவ போல இருக்கு. எனக்கு ரெண்டு வருஷ சர்வீஸ்தான் பாக்கி. அந்த மூணு கிலோவ பழையபடி வச்சுத் தந்திருங்க தம்பி. கணக்கு நேராட்டு வந்திரும்.”

“சரியா இருக்க தராச நான் கெடுக்கதா சிஸ்டர்?”

அன்று வீட்டில் ஆதிராவிடம் சொன்னான். அவள் கீரையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். “பாவமில்லியா அவிய? நிதானமாட்டு போய்ச் செய்து குடுங்க. ரெண்டு நாளு ஆனாலும் சாரமில்ல.”

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக முருகதாஸ் ஒரு தராசைக் கெடுத்தான். பழைய ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினான். அறுபது வைத்தான். அறுபத்து மூன்று காட்டியது. சிஸ்டர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

அவர்கள் இரண்டு பேரும் மறந்துபோனது, பதினெட்டு மாமியார்களின் ஒரு மாத உழைப்பை.

அடுத்த பரிசோதனை நாளில் ஜெப்சி தராசில் ஏறினாள். அறுபத்தொன்று.

“ஒரு மாசத்துல ஆறு கிலோவா!” லீலாபாய் நெஞ்சில் கை வைத்தாள். “நான் சோறு தீத்தித் தீத்தியே கொல்லப் பாக்கேன்னு சபையில பேசமாட்டாவளா?”

ஒருத்திக்கு ஐந்து, ஒருத்திக்கு ஆறு, ஒருத்திக்கு ஏழு. அழுகையும் சண்டையுமாக அறை நிறைந்தது. சிஸ்டர் ஷைஜா எழுந்து நின்று மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“மெமோ வந்தா வரட்டு. தம்பி, புது ஸ்பிரிங்க இப்பவே மாட்டுங்க. பொறவு ஒவ்வொரு அட்டையிலயும் ரெண்டு வரி போடுங்க. பழைய மெஷினு காட்டினது ஒண்ணு, உள்ளது ஒண்ணு. இனி இந்த ரூம்ல பொய்யே கெடையாது.”

கதவோரம் நின்ற முருகதாஸ் கடைக்கு ஓடி ஸ்பிரிங்கை எடுத்துவந்து மாட்டினான். எல்லாரும் இன்னொரு முறை ஏறி இறங்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாக வாங்கி, கோடு கிழித்து எழுதினான். பதினெட்டு அட்டை முடிந்து, கடைசியாகத் தன் பெண்டாட்டியின் அட்டையை எடுத்தான். முற்றத்தில் ஆதிரா வேப்பமரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

நாலாம் மாதம்: பழைய மெஷினில் அறுபது. உள்ளது ஐம்பத்தேழு.

ஐந்தாம் மாதம்: பழைய மெஷினில் அறுபத்துநாலு. உள்ளது அறுபத்தொன்று.

எழுதிவிட்டுப் பார்த்தான். மேலே கழித்தான், நாலு வந்தது. கீழே கழித்தான், நாலு வந்தது. விரல் விட்டு எண்ணினான். போனை எடுத்துக் கணக்குப் போட்டான். போனும் நாலு என்றது. மூன்று கிலோ கூட்டிக் காட்டிய தராசு, அதற்கு முந்தின மாதமும் மூன்று கிலோ கூட்டித்தான் காட்டியிருக்கிறது. அதற்கு அடுத்த மாதங்களைப் பார்த்தான். இரண்டு மாதமும் ஒன்றரை, ஒன்றரை. சிஸ்டர் சொன்ன அளவு, இழை பிசகவில்லை.

“அப்போ…” யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கேட்டான். “அந்த நாலு கிலோ உள்ளதுதானா?”

அட்டைக்காகப் பக்கத்தில் காத்திருந்த ஜெப்சி திரும்பினாள்.

“இதென்ன அண்ணே, ஆதிரா அன்னைக்கே எனக்கிட்ட சொல்லிச்சே. ‘நாலு கிலோ உள்ளதுதான், நீ வாயத் தொறந்திராதட்டீ, அந்த மெஷினுக்க பொறத்த அலைஞ்சாத்தான் இந்த மனுசன் சாயங்காலம் வெறுங்கையோட வீட்டுக்கு வருவாவ’ன்னு.”