மேலே நாடகம், கீழே பாட்டு

"முதல் வரிசை, நடு நாற்காலி. நீ அங்க உக்காந்திருந்தாத்தான் எனக்குக் குரலே எழும்பும்," என்றார் போனில் சுதி.

"வரேன்டா."

போனை வைத்த பிறகுதான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு உறைத்தது. சற்று முன்பு இதே 'வரேன்டா'வை ராஜபார்ட்டிடமும் சொல்லியிருந்தார். சுதியின் பாட்டும் ராஜபார்ட்டின் நாடகமும் ஒரே சனிக்கிழமை சாயங்காலம், ஒரே கட்டடத்தில். உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று நகராட்சி ஒதுக்கிய வார இறுதி அது. கீழ் அரங்கில் பாட்டு, மேல் அரங்கில் நாடகம், நடுவில் ஒரு மாடிப்படி.

மூன்று பேரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். குழாய் ரிப்பேர் பார்க்கிற சுதி, வேலை இல்லாத நேரத்தில் பாடுவார். மருந்துக் கடை வைத்திருந்தவருக்கு எந்த நாடகத்திலும் ராஜா வேஷம்தான் என்பதால் ராஜபார்ட். கண்ணாடிக் கடைக்காரருக்குப் பாடவும் வராது, நடிக்கவும் வராது. அதனால் மற்ற இருவருக்கும் அவர் மிகவும் வேண்டப்பட்டவர். சனிக்கிழமை ஒரு கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகம், முடிந்ததும் அதைப் பற்றிச் சண்டை போட்டபடியே அறைக்கு நடப்பது என்று போன காலம்.

பிறகு ஒரு நாள், ராஜபார்ட் நாட்டைத் துறக்கிற கட்டத்தில் சுதி வாய்விட்டுக் கொட்டாவி விட்டார். "உன் பாட்டை விட உன் கொட்டாவி சுதி சேந்து இருந்துச்சு," என்றார் ராஜபார்ட். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அன்றிலிருந்து சனிக்கிழமையானால் கண்ணாடிக் கடைக்காரர் கடையிலேயே உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருப்பார். பாட்டோ நாடகமோ கிடைக்காத ஊர் இல்லை அது. வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் இல்லை, அதுதான்.

"யாராவது ஒருத்தர்கிட்ட வரலன்னு உண்மையச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"யாருகிட்டச் சொன்னாலும் அவன் போயிடுவான். அப்புறம் ஒருத்தன்தான் மிச்சம்."

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. சுதிக்குக் கிட்டப்பார்வை. ஆனால் மேடையில் கண்ணாடி போடமாட்டார். அந்தக் கண்ணைச் சோதித்தவரே இவர்தான். மேடையிலிருந்து பார்த்தால் முதல் வரிசையில் முகங்கள் தெரியாது, சட்டைகள்தான் தெரியும். தன்னுடைய மஞ்சள் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மனைவியின் தம்பியிடம் கொடுத்தார்.

"சும்மா உக்காந்திருந்தாப் போதுமா, மாமா?"

"போதும் மாப்ளே. பாட்டு முடிஞ்சா கை தட்டு. அவ்வளவுதான்."

மேலே ராஜபார்ட்டின் தேவை வேறு. "மந்திரி தெரியாம என் கிரீடத்து மேல உக்காருவான். நீதான் முதல்ல சிரிக்கணும். நீ சிரிச்சா மொத்த அரங்கும் சிரிக்கும்," என்று சொல்லியிருந்தார். அது உண்மைதான். தண்ணீர் வராத பம்பு காற்றை இழுப்பதுபோல ஒரு சிரிப்பு அவருக்கு. கேட்டவர்களால் சும்மா இருக்க முடியாது.

நாடகம் தொடங்கியது. ராஜா கொலுமண்டபத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் கீழேயிருந்து சுதியின் குரல் மெல்ல மேலே வந்தது. அதோடு இன்னொரு சத்தமும் வந்தது. மைத்துனன் விருந்தாட வந்து தங்கும்போதெல்லாம் வீட்டில் கேட்ட குறட்டை அது.

கண்ணாடிக் கடைக்காரர் படியில் ஓடினார். குனிந்தபடியே போய் மைத்துனனின் முதுகில் கிள்ளினார். அவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கை தட்டினான். அரங்கில் இருந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். பாதி வரியில் இருந்த சுதி வாயை மூடி, ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

"முடிஞ்சப்புறம் தட்டுடான்னா."

"அது முடியலையா மாமா?"

"முடிஞ்சுது. நீ தட்டினதாலதான் முடிஞ்சுது."

அவனை நம்பி விட்டுப்போக மனம் வரவில்லை. அடுத்த பாட்டு முடியும்வரை அவன் காலடியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சரியான இடத்தில் தட்ட வைத்தார். இடைவேளை அறிவித்ததும் மூச்சு வாங்க மேலே ஓடினார்.

இருட்டில் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்து நிமிர்ந்தால், மேடையில் யாரோ கிரீடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். நல்லவேளை, மந்திரி கட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

மந்திரி உட்கார்ந்து எழுந்து வெகு நேரமாகியிருந்தது. கவிழ்ந்து கிடந்தது ராஜா. கிரீடத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

ராஜபார்ட் சொன்னது பலித்தது. மொத்த அரங்கும் சிரித்தது. செத்துக்கொண்டிருந்த ராஜா ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் செத்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கட்டடத்துக்கு வெளியே வந்து, குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். மஞ்சள் சட்டை அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

"மாமா, இடைவேளையில அந்தப் பாடகர் நேரா என்கிட்ட வந்தாரு. கட்டிப் பிடிச்சாரு. அப்புறம் முகத்தக் கிட்ட வச்சுப் பாத்துட்டு, 'அவன் எங்க'ன்னாரு."

"என்ன சொன்னே?"

"மேல நாடகம் பாக்கறீங்கன்னு சொல்லிட்டேன். எனக்குப் பொய் வராது மாமா."

"அப்புறம்?"

"முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. போயிட்டாரு."

மைத்துனன் சட்டையைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டான். வேண்டாம், போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டு அவர் குழாயடியிலேயே நின்றார். வீட்டுக்குப் போகலாம். ஆனால் இதுவரை வந்துவிட்டுத் தனியாக நடந்து போக வேண்டுமே என்று கால் எழவில்லை.

உள்ளே மறுபடியும் பாட்டு தொடங்கியது. அவர் திரும்பி வந்து, இரண்டு அரங்குகளுக்கும் நடுவே மாடிப்படியில் உட்கார்ந்தார். சுதியின் குரல் முன்னைப்போல இல்லை, கொஞ்சம் தடித்திருந்தது. ராஜபார்ட் பக்கத்தில் இருந்திருந்தால் இதற்கே வழி நெடுகச் சுதியை வம்புக்கு இழுத்திருப்பார். சுதியும் விட்டிருக்கமாட்டார். நடுவில் நடப்பவர் இரண்டு பேரையும் தோளைப் பிடித்து விலக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்து எவ்வளவு காலமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"சார், கொஞ்சம் வழிய விட்டு உக்காருங்க," என்றாள் அங்கே டிக்கெட் கிழிக்கிற அம்மா, டார்ச்சோடு இறங்கி வந்து. "இன்னிக்கு இந்தப் படியில நடமாட்டம் ஜாஸ்தி."

"நான்தாம்மா ஓடினேன். மேல நடிக்கறவனும் கீழ பாடறவனும் என் சிநேகிதங்க. ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கமாட்டாங்க. ரெண்டு பேரும் வேணும்னு ஓடி ஓடி, ரெண்டு பேரையும் தொலைச்சிட்டேன்."

அவள் டார்ச்சை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் உங்களச் சொல்லல சார். ராஜா செத்தப்போ கடைசி வரிசையில நின்னு தேம்பித் தேம்பி அழுதது அந்தப் பாடகர்தான். செத்துக்கிட்டே அதப் பாத்த ராஜா, வேஷத்தக்கூடக் கலைக்காம நீங்க வர்றதுக்கு முன்னாடியே இறங்கிப் போயி, இப்போ கீழ கடைசி வரிசையில உக்காந்து தாளம் போட்டுட்டிருக்காரு."