முழக்கயிறு கொடுத்த மூக்குக் கண்ணாடி

கண்ணாடி கேட்டு வந்தவர்களைத் துரத்துகிற கண்ணாடிக் கடைக்காரர் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டார். அவர் கழுத்தில் எந்நேரமும் முழம் அளக்க முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று தொங்கும். அதனால் ஊரில் அவர் பெயர் முழக்கயிறு.

"கண்ணு தெரியலை" என்று போனால், "அது கெடக்கட்டும், என்னா வேலை செய்யறே?" என்பார். நெசவாளி என்றால் அவர் வீட்டுக்கே போய்த் தறிக்குழியில் தானே இறங்கி உட்கார்ந்து பார்ப்பார். மாகறலிலிருந்து வண்டி கட்டி வந்த மிராசுதாரிடம், "நீங்க எதைத்தான் உத்துப் பாக்கறீங்க? கண்ணாடி எதுக்கு? போய்ட்டு வாங்க" என்று சொன்ன மனிதர்.

அறுபதுகளின் கடைசியில் நான் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட். மத்தியானமானால் தலை பிளக்கும். கண்ணாடி இருந்தது, புத்தகம் படிக்க ஜோர், டைப் மெஷினைப் பார்த்தால் புகைமூட்டம். ஒருநாள் டெல்லிக்குப் போன கடிதத்தில் 'சில்க்' புடவைகள் எல்லாம் 'சிக்' ஆகிவிட்டன.

"இத்தினி நோயாளிப் புடவை யாருக்கும்மா வேணும்?" என்று மேனேஜர் கத்தினார். இன்னொரு தப்பு வந்தால் வேலை போச்சு. அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அழாத குறையாக முழக்கயிறிடம் போனேன். மறுநாள் காலை ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நீ பாட்டுக்கு அடிம்மா. நான் பாத்துக்கினு இருக்கேன்."

கயிற்றின் ஒரு முனையை என் மூக்கில் வைத்துவிட்டு, மறுமுனைக்கு ஆள் தேடினார். அப்போது மேனேஜர் உள்ளே நுழைந்தார்.

"யாருய்யா நீ?"

"வாங்க சார், இதைப் புடிங்க. காயிதத்து மேல வைங்க. ஆடாதீங்கபா!"

மேனேஜர் பிடித்தார். ஏன் பிடித்தோம் என்று கடைசிவரை அவருக்கே விளங்கவில்லை.

"புஸ்தகம் ஒரு முழத்துல இருக்குது. மெஷினு ஒன்னேகால் முழம். அந்தக் கண்ணாடிய மாட்டிக்கினு இதைப் பாத்தா தலை நோவாம என்னா செய்யும்?"

அடுத்து ஜன்னலைப் பார்த்தார். வெயில் நேரே என் கண்ணில் குத்தியது. என் மேஜையைத் திருப்ப மேனேஜரின் மேஜை குறுக்கே நின்றது. அதையும் நகர்த்தச் சொன்னார். ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியவர் மேனேஜரேதான்!

நாலாம் நாள் புதுக் கண்ணாடி வந்தது. தலைவலி போனது. டெல்லிப் புடவைகள் குணமாயின. வேலையும் நிலைத்தது.

பிறகு கல்யாணமாகி ஐயம்பேட்டைக்குப் போனேன். புகுந்த வீட்டில் வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது மாதம், பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார் முழக்கயிறு.

"இப்ப டைப் அடிக்கறதில்லையாம்மா? அப்போ அந்தக் கண்ணாடி உதவாது. இங்க எங்க உக்கார்றே, என்னா வேலை செய்யறே, காட்டு."

முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கும் மூலையைக் காட்டினேன். தானே அங்கே உட்கார்ந்து பார்த்தார்.

அந்த வீட்டில் நான் எங்கே உட்காருகிறேன் என்று கேட்டு வந்தவர், என் பிறந்த வீட்டாரையும் சேர்த்துப் பார்த்தாலும், அவர் ஒருவர்தான்.