இடது பக்கம் நம் வீடு, வலது பக்கம் சங்கம்

அன்புள்ள மாப்பிள்ளை தைஸ் அவர்களுக்கு,

நானும் உங்கள் மாமியார் பௌக்யாவும் சுகம். நீங்களும் அங்கே ப்ரேடாவில் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை என்று எழுதியிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நீங்களும் எங்கள் மகள் நின்கேயும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஊர் வழக்கப்படி எங்கள் வீட்டுக் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் உங்கள் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பௌக்யாவைக் கேட்டால், "பேரை அடிக்கறதுக்குப் பேனா கிடைக்கலை" என்கிறாள். எங்கள் வீட்டில் பேனாவுக்குப் பஞ்சமே கிடையாது.

இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக. நம் ஊர் ஐஸ் சறுக்குச் சங்கத்துக்கு இணையதளம் செய்து கொடுத்தவர் நீங்கள். நீங்கள் ஊரை விட்டுப் போனதும் தலைவர் ஹெர்லொஃப் என்னிடம் வந்து, "கடவுச்சொல் உங்க குடும்பத்துலதானே இருக்கு, நீங்களே பாத்துக்குங்க டௌவே" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஓய்வு பெற்ற பால்பண்ணைக்காரனுக்கு, இணையதளத்தில் கோப்பு ஏற்றுகிற எஃப்.டி.பி. என்றால் என்ன தெரியும்? நீங்கள்தான் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னீர்கள்: "மாமா, திரையில ரெண்டு கட்டம் இருக்கா? இடது பக்கம் உங்க வீடு. வலது பக்கம் சங்கம். வீட்டுல இருக்கற கோப்பைப் பிடிச்சு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டா ஊரே பாக்கும். அவ்வளவுதான்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்புறம் நடந்ததெல்லாம் என் கைவரிசை.

நான் சுத்தக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். இடது பக்கம் பார்த்தால் கோப்புகள் வரிசையாக இருந்தன. வலது பக்கத்திலும் அதே பெயரில் அதே வரிசை. ஒரே சாமான் ஏன் இரண்டு இடத்தில் அடைந்து கிடக்க வேண்டும் என்று, வலது பக்கத்தில் இருந்ததை ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்துவிட்டுத் திருப்தியாகக் காபி குடிக்கப் போனேன். வெளியே நல்ல உறைபனி, சங்கம் தண்ணீர் பாய்ச்சி வைத்த புல்வெளி சறுக்குகிற ஐஸாக இறுகிக்கொண்டு வருகிறது, ஊரில் ஒவ்வொருவரும் ஐஸ் திறந்தாயிற்றா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் இணையதளத்தைப் பார்க்கிற நேரம். பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் பெற்ற தாய் வீட்டுக்குக்கூடப் போகாத ஜனங்கள், வரிசையாக வந்து என் வீட்டு மணியை அடித்தார்கள். பௌக்யா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்து, உடனே டப்பாவை மூடினாள்.

வேறு வழியில்லாமல் மதியச் சாப்பாட்டு வேளையில் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் ரொட்டியை மென்றுகொண்டே, "இடது பக்கம் எல்லாம் இருக்கா மாமா? இருந்தா உயிர் போகலை. மொத்தமா இழுத்து வலது பக்கம் போடுங்க" என்றீர்கள். போட்டேன். தளம் உயிர் பெற்றது. ஆனால் என் இடது பக்கத்தில் இருந்தது, பொறுப்பை ஒப்படைக்கும்போது நீங்கள் கொடுத்த போன குளிர்காலத்துப் பிரதி. இந்த வருஷத்துக்கான "மூடியிருக்கிறது" அறிவிப்பை நீங்கள் ப்ரேடாவிலிருந்தே நேராக வலது பக்கத்தில் போட்டிருந்தீர்கள், அதைத்தான் நான் துடைத்துவிட்டேனே. ஆக, "ஐஸ் திறந்திருக்கிறது, சூடான பட்டாணி சூப் தயார், அனைவரும் வருக" என்று போன வருஷத்து அழைப்பு ஊர் முழுக்கப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விடுமுறையே விட்டுவிட்டார்கள். ஹெர்லொஃப் ஐஸின் கனம் பார்க்கிற துளைக்கருவியும் கையுமாகக் கரையில் நின்றுகொண்டு, "யாரும் கால வைக்காதீங்க, இன்னும் கனம் பத்தலை" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அவருக்கு முன்னால் ஊரே சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு நிற்கிறது. கூட்டத்தில் ஒரு கிழவர், "ஐஸ்தான் இல்லை, சூப்பாவது உண்டா?" என்று கேட்டாராம். பௌக்யா பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, பட்டாணியோடுதான் பேசினாள்.

மறுபடியும் உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. "மாமா, இழுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தேதியைப் பாருங்க. எது புதுசோ அதுதான் ஜெயிக்கணும்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகியும் நான் தட்டுத்தடுமாறி "மூடியிருக்கிறது" என்று புதிதாக அடித்து ஏற்றி முடிக்கிறவரை லைனிலேயே இருந்தீர்கள். முன்னாள் மாமனாருக்கு இவ்வளவு செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. போனை வைத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று பௌக்யாவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது ஐஸ் நிஜமாகவே திறந்துவிட்டது. அறிவிப்பை நானே எழுதி, தேதி பார்த்து, நானே ஏற்றினேன். இனிமேல் இந்த விஷயத்துக்காக உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஆனாலும் நீங்கள் உருவாக்கிய தளத்தைப் பார்த்து ஊர் சறுக்கும்போது நீங்கள் இல்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் ஒரு நாள் வர வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். சிக்கல் என்னவென்றால் சனிக்கிழமை நின்கே வருகிறாள். பௌக்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கூப்பிட்டீங்கன்னா அவ அப்படியே திரும்பிப் போயிடுவா. பெத்த பொண்ணு மனசு முக்கியமில்லையா?" அதனால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஞாயிறு மதியத்துக்குள் ஐஸ் உருகிவிடும் என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள், சீக்கிரம் வந்தால் ஒரு சுற்றாவது கிடைக்கும். கிடைக்காவிட்டால் சூப் கிடைக்கும்.

வழுக்கும் இடத்தில் பார்த்து நடங்கள். காதை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பதவிக்காலம் முடிந்தும் பொறுப்பை விடாத உங்கள் மாமனார்,
டௌவே

பி.கு.: இதை மட்டும் பேனாவால் எழுதுகிறேன். எனக்குத் தட்டச்சு செய்யத் தெரிந்தது ஐஸ் அறிவிப்பு எழுதும் அந்த ஒரே ஒரு கோப்பில்தான். அதில் இருந்த அறிவிப்பை அழித்துவிட்டு இந்தக் கடிதத்தை அடித்து, அச்செடுத்து, சேமித்தேன். அதோடு விட்டிருக்கலாம். தேதி பார்த்தேன், இடது பக்கம்தான் புதுசு, கை தானாகவே வலது பக்கம் இழுத்துப் போட்டுவிட்டது. காலையிலிருந்து ஐஸ் நிலவரம் பார்க்கப் போன ஊர் மொத்தமும் நான் உங்களுக்கு எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஹெர்லொஃப் கூப்பிட்டு, "நான் கத்தலை, எடுத்துச் சொன்னேன், அதை மாத்துங்க" என்றார். உண்மையான அறிவிப்பு இப்போது இரண்டு பக்கமும் இல்லை, என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கூப்பிட எழுந்தபோது தொலைபேசி அடித்தது. நின்கே. "ஐஸ் இருக்கான்னு பாக்கப் போனேன்பா. முழுக்கப் படிச்சேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உருகிடும்பா. அவரைச் சனிக்கிழமையே வரச் சொல்லுங்க. பிடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போக ஒரு சமையலறை நாற்காலி எடுத்து வைங்க, அவருக்கு ஐஸ்ல சும்மா நிக்கக்கூட வராது."