காத்து அங்கிளும் கடைசி அறை ஜன்னலும்

பிள்ளைகளே, நம் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா வரை சல்லடை போட்டுத் தேடினாலும், மூடிய ஜன்னலைக் கண்டால் இப்படிக் கை துறுதுறுக்கிற மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். அவர் பெயர் எனக்கே தெரியாது. ஊருக்கே ‘காத்து அங்கிள்’.

தேயிலை ஃபேக்டரியில், இலை வாட்டும் மாடியில் காற்றாடிகளைக் கவனித்துக்கொண்டவர். பிறகு பள்ளிக்கூட வாசலில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன மீட்டர். மூடிய அறையில் நாம் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயு சேரும். சேரச் சேர மீட்டரில் எண் ஏறும், நமக்குத் தூக்கம் வரும். எண் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கிளுக்குக் கோபம் வரும்.

ஒருநாள் சர்ச்சில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. எழுந்து நின்றுவிட்டார்.

“பாஸ்டர், ரெண்டாயிரம் ஆயிருச்சு. இன்னும் பேசினா எல்லாரும் நேரா பரலோகம்தான் லா!”

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த எண்ணை மார்க் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் வகுப்புதான் ஃபர்ஸ்ட் வரணும் என்று மீட்டரைச் சுற்றி நின்று ஊதினார்கள். அங்கிள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூடுபனி இறங்கினால் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பேப்பர் செருகுவது நம் மலைப் பழக்கம். அவர் அதை வகுப்பு வகுப்பாகப் பிடுங்கிக்கொண்டு போவார்.

என் மகள் மெர்சி அப்போது அதே பள்ளியில் நாலாம் ஆண்டு. பத்து மணிக்கே மேசையில் சாய்ந்துவிடுவாள். இப்படியே தூங்கினால், படிப்பு ஏறாத பிள்ளைகளின் கடைசி அறைக்கு மாற்றிவிடுவோம் என்றார் டீச்சர்.

அங்கிள் என்னை வாசலில் மறித்தார். “தம்பி, புள்ள மந்தமில்ல. காத்துதான் மந்தம். வாடுற இலைக்கே காத்து விடுறோம், படிக்கிற புள்ளைக்கு விடக் கூடாதா?”

அந்த வாரம் பார்த்து மெர்சிக்குச் சளி. பெற்றோர் கூட்டத்தில், ஜாகா ஜன்னலைத் தொடக் கூடாது என்று கை தூக்கினோம். முதலில் எழுந்தது என் கை.

அங்கிள் மீட்டரைப் பார்த்தார். “ஆயிரத்தி எழுநூறு. இந்த ரூம்ல எடுத்த முடிவு எதுவும் செல்லாது.”

கொட்டாவிக்கு நடுவே எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த மாதம் மெர்சியை அழ அழக் கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. உடைந்ததை யாரும் மாற்றவில்லை. இரண்டே வாரம். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டு டீச்சரைத் துளைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சொல்லலாம் என்று ஓடினேன். வாசலில் வேறு ஆள் நின்றான். அங்கிள் ஆஸ்பத்திரியில், நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு கிடந்தார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டார். திட்டவில்லை.

“புள்ள முழிச்சிருக்காளா? அது போதும்” என்றார். பிறகு, உடம்பு நடுங்க, “தம்பி, குளிருது. அந்த ஜன்னல மூடு.”

கூட்டத்தில் அத்தனை வேகமாக எழுந்த கை, அன்றைக்கு ஜன்னலை மூட எழும்பவே இல்லை. கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நாற்காலியை ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் போட்டு, காற்று என் முதுகில் படும்படி உட்கார்ந்துகொண்டேன்.