பதினான்காம் மாடியும் என் இடது காதும்

என் அக்கா பெற்றெடுத்த அறிவுக் களஞ்சியத்துக்கு,

எட்டுத் திக்கும் பேர் கேட்டு நடுங்கும் மெத்தைக்கடை முதலாளியாகிய உன் தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும், உன் அத்தையும், கடையில் யாரும் வாங்காத அந்த ஊதாக் கலர் மெத்தையும் நலம். அங்கே நீயும், மாப்பிள்ளையும், பயம் போக்க உன்னிடம் பாடம் கேட்க வரும் பயந்தாங்கொள்ளிக் கூட்டமும் நலமாக இருக்க வேண்டும். இது நன்றிக் கடிதம். முடிந்தால் எழுந்து நின்று படி.

உன் மாமன் புலிக்கு அஞ்சாதவன் என்பது உனக்குத் தெரியும். புலி இதுவரை நேரில் வந்ததில்லை, அது வேறு விஷயம். ஆனால் லிஃப்டைக் கண்டால் மட்டும் என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்துவிடும். என் மகளோ பதினான்காம் மாடியில் குடியிருக்கிறாள். படியேறலாம் என்றால் இந்த மூட்டுவலிக் காலை வைத்துக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்வதற்குள் பேத்திக்குக் கல்யாணம் ஆகிவிடும். அதனால் பேத்தி பிறந்ததிலிருந்து வாராவாரம் நான் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூணோரம் நிற்பேன், மகள் குழந்தையைக் கொண்டுவந்து ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற மாதிரி காட்டிவிட்டுப் போவாள். போன மாதம் அவள் சிரிக்காமல் சொன்னாள்: "அப்பா, இப்படியே போனா உங்க பேத்தி உங்கள வண்டி துடைக்கறவர்னு நெனச்சுக்கப் போறா." நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டேன்.

நீ என்ன சொன்னாய்? "மாமா, கண்ண மூடிக்கங்க. நீங்க ரொம்பத் தைரியமா இருந்த ஒரு நேரத்த நெனச்சுப் பாருங்க. அப்போ பாத்தது, கேட்டது எல்லாம் அப்படியே வரணும். அந்த உணர்ச்சி உச்சிக்குப் போறப்போ இடது காத ஒரு கிள்ளு கிள்ளுங்க. தினமும் செய்யுங்க. அதான் நங்கூரம். அப்புறம் எங்க பயம் வந்தாலும் காதக் கிள்ளினா போதும், தைரியம் தானா வந்துரும்." அடேங்கப்பா, கடலில் போடுவதைக் காதில் போடச் சொல்கிறாளே என்று நினைத்தாலும், என் வீர வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தேன். சிக்கியது ஒரே ஒரு சம்பவம். கடைக்குள் புகுந்து விலை உயர்ந்த மெத்தையில் படுத்துவிட்ட குதிரை உயர நாயைப் பார்த்து, "இறங்கு!" என்று நான் கர்ஜித்த நாள். உன் அத்தை, "அது நாய்க்குட்டிங்க, அதுவும் தூங்கி முடிச்சுட்டுத் தானா எறங்கிப் போச்சு," என்கிறாள். சரித்திரம் படைக்கிறவர்களை வீட்டில் யார் மதித்தார்கள்?

தினமும் ராத்திரி கடையிலிருந்து வந்ததும் கண்ணை மூடி உட்காருவேன். நாய் வரும், கண்கள் தீயாய் எரியும், வீரம் பொங்கிப் பொங்கி உச்சிக்கு ஏறும், காதை நோக்கிக் கை போகும், சரியாக அந்தக் கணத்தில் அடுக்களையிலிருந்து, "சாப்பிட வாங்க, ஆறுது!" என்று குரல் வரும். கிள்ளுவேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை, அவளும் சரி, நானும் சரி. சோதித்துப் பார்க்க வாய்ப்பும் வந்தது. வாங்கிய மெத்தை மேடும் பள்ளமுமாக இருக்கிறதென்று ஒருவர் கடையில் நின்று இடியாய் இடித்தார். கிள்ளினேன். வீரம் வரும் என்று பார்த்தால் வாயில் எச்சில்தான் ஊறுகிறது! என்னை அறியாமல், "சார், சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு கணம் முழித்தார். "இல்லீங்க," என்றார். இருவருமாக என் டிபன் கேரியரைக் காலி செய்தோம். மெத்தையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

உன்னிடம் சொன்னபோது நீ போனிலேயே உருண்டாய். "மாமா, உச்சத்துல எது இருக்கோ அதுதான் ஒட்டிக்கும். நீங்க தைரியத்துக்கு இல்ல, பசிக்கு நங்கூரம் போட்டுட்டீங்க!" போச்சு, எல்லாம் போச்சு என்றேன். "எதுவும் போகல. அகோரப் பசியில யாருக்கு மாமா பயப்பட நேரமிருக்கு? அதை வெச்சே ஏறுங்க," என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு உனக்குச் சிலை வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். லிஃப்டுக்குள் நான், உன் அத்தை, இரண்டு தோளிலும் தண்ணீர் கேன் சுமந்த ஒருவர். கதவு மூடியது. பூமி என்னைக் கைவிட்டது. கண்ணை இறுக மூடி, பிராணனையெல்லாம் விரலில் திரட்டிக் கிள்ளினேன். அவ்வளவு கிள்ளியும் கடுகளவு வலி தெரியவில்லை என்றால் என் மனவலிமையைப் பார்த்துக்கொள். என் முகத்தில் வீசிய ஒளியைத் தாங்காமல் கேன்காரர், "ஆ!" என்று அலறியதுகூடக் கேட்டது. பசியென்றால் பசி, வயிற்றுக்குள் ஒரு படையே பந்தியில் உட்கார்ந்து இலையைத் தட்டுகிறது! கதவு திறந்ததும் ஓடினேன். மகள் வாசலில் நின்று, "அப்பா!" என்றாள். "சோறு இருக்கா?" என்றேன். அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். "குடிவந்தன்னைக்கே உங்களுக்குன்னு வாங்கிப் போட்டது. இதுல யாரையும் உக்கார விட்டதில்ல," என்றாள். தூணோரம் என்னைப் பார்த்து மிரண்ட அதே குழந்தை, தன் ராஜ்யத்தில் மகாராணியாகத் தவழ்ந்து வந்து, என் முழங்காலைப் பிடித்து எழுந்து, என் சோற்றுத் தட்டில் கை வைத்து எனக்கே ஒரு பருக்கை ஊட்டினாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நடந்ததை நான் எழுதமாட்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

நீ நூறாண்டு வாழ வேண்டும். உன் வகுப்புகள் நிரம்பி வழிய வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. அக்காவிடம், தம்பி வானத்தை வென்றான் என்று சொல்.

இப்படிக்கு,
உனக்குக் கடன்பட்ட,
பதினான்காம் மாடி கொண்டான்,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அத்தை இதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "நீங்க எங்க உங்க காதக் கிள்ளினீங்க? பக்கத்துல நின்ன கேன்காரர் காத இல்ல கிள்ளினீங்க! பாவம், தட்டிவிடக் கையில்ல அவருக்கு. பதினாலு மாடிக்கும் விடலயே மனுஷன! பசியாம், நங்கூரமாம். காலைலேர்ந்து பயத்துல ஒரு வாய் சாப்பிடல, பசிக்காம என்ன செய்யும்?" என்கிறாள். ஆனாலும் உன் வித்தையைப் பொய் என்று சொல்லமாட்டேன். நேற்று மறுபடி போனோம். லிஃப்டில் அதே கேன்காரர். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "நான் படியிலயே வரேன் சார், நீங்க போங்க," என்று இரண்டு கேனோடும் இறங்கிவிட்டார். நங்கூரம் அவருக்கு நன்றாக இறங்கியிருக்கிறது. அதைக் கழற்றுவது எப்படி என்று உடனே எழுது. மகள் போன் செய்தாள், இன்றைக்கும் ஒன்பதாம் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாராம்.