நிறுவனர் சுகுமாரன்

பட்டம் வாங்கிப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போன பிறகும் அதன் சங்கத்தை விடாத ஓர் இனம் உண்டு. பெயர், முன்னாள் தலைவர். பார்த்ததில்லையா? பாயான் பாரு நகரில் இருக்கும் சுகுமாரனைப் பாருங்கள்.

தமிழ் மாணவர் சங்கத்துக்கு ஒரே ஒரு வருடம் தலைவராக இருந்தவர், அதன் பிறகு முப்பது வருடங்களுக்கு மேலாக முன்னாள் தலைவராக இருந்து வருகிறார். பொங்கல் விழாவோ, பேச்சுப் போட்டியோ, புதிய மாணவர் வரவேற்போ, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டே வார்த்தை என்று மைக்கை வாங்கி, வாளியில் சாம்பார் ஆறிப்போகும் வரை தம் காலத்தைப் பேசி, அப்போதெல்லாம் மண்டபமே கிடையாது என்று முடிப்பார். மண்டபம் அப்போதும் இருந்தது. வயது ஐம்பத்தாறு ஆனாலும் 'அங்கிள்' என்றால் முகம் சுருங்கும். 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும்.

இந்த வருடம் சங்கத்துக்கு முப்பத்தைந்தாம் ஆண்டு. விழா மலரில் சங்க வரலாறு எழுதும் வேலை செயலாளர் தர்மினிக்கு வந்தது. சுகுமாரன் விடுவாரா? பதினான்கு குரல் பதிவுகள் அனுப்பினார். சாரம் ஒன்றுதான்: முதல் பக்கத்தில் அவர் படம், அதன் கீழே 'நிறுவனர்'. இருபத்தெட்டு வருடம் உழைத்த தொழிற்சாலை, ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அச்சில் ஒரு பட்டமாவது வேண்டாமா? பாவம், மனசார ஆசைப்பட்டார்.

தர்மினி, அவர் கேட்டதை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மாணவர் விவகார அலுவலகத்துக்குப் போய் முதல் கூட்டத்தின் குறிப்பைத் தேடி எடுத்துவிட்டாள். கேண்டீனில் அவர் முன்னால் அதை விரித்து வைத்தாள். சங்கம் வேண்டுமென்று முன்மொழிந்தவர் ஜெயலெட்சுமி. ஆதரித்தவர்கள் இருபத்திரண்டு பேர். எதிர்த்தவர் ஒருவர், படிப்பு கெட்டுவிடும் என்ற காரணத்தோடு.

"அண்ணே, இது நீங்கதானே?"

சுகுமாரன் குறிப்பைக் கையில் எடுத்துப் படித்தார். சத்தியமாக மறந்தே போயிருந்தார். சங்கத்தை ஆரம்பித்ததே தாம்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார். நுரை பொங்கிய தே தாரிக் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அது வருவதற்குள் தேறிவிட்டார்.

"நான் எதிர்த்ததாலதான் தங்கச்சி, மத்தவங்களுக்கு ரோஷம் வந்துச்சு. அப்ப சங்கத்த ஆரம்பிச்சது யாரு? நான்தான்லா. இதையும் சேர்த்துப் போட்டுரு."

தர்மினி போட்டாள். முதல் பக்கத்தில் படம். கீழே, 'சங்கம் வேண்டாமென்று சொன்ன முதல் உறுப்பினர்'. சுகுமாரன் ஐம்பது பிரதி கேட்டு வாங்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், இந்த மாதிரி ஆட்களைப் பற்றி முதன்முதலில் சொன்னதே நான்தான் என்று சொல்ல உங்கள் வாய் துறுதுறுக்கிறதா? கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் சொல்லப்போகிறார்.