ஜெகநாதன் போட்ட பாடத்திட்டம்

இந்தத் தடவை பெண்டாட்டியிடம் கேட்கவே கூடாது என்று ஜெகநாதன் முடிவெடுத்தார். எடுத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. அந்த முடிவு ஏழரை மணி வரைக்கும் உயிரோடு இருந்தது.

விஷயம் சின்னதில்லை. ஆரணியில் அவர் வணிகவியல் விரிவுரையாளராக இருந்த கல்லூரிக்கு அந்த வருஷம், 2004-ல், தன்னாட்சி கிடைத்தது. இனி பாடத்திட்டத்தைக் கல்லூரியே போட்டுக்கொள்ளலாம். 'பட்டு நெசவுத் தொழில்' என்று புதுப்பாடம் வைப்போம், ஜெகநாதனே எழுதட்டும், நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததா என்றுவிட்டார் முதல்வர். திங்கட்கிழமை பாடத்திட்டக் குழு கூடும். எழுதியது தேறினால் காலியாகக் கிடக்கும் துறைத்தலைவர் நாற்காலி ஜெகநாதனுக்கு. தேறாவிட்டால் வீரபாகுவுக்கு. வீரபாகு ஆறு வருஷம் ஜூனியர். அந்த நாற்காலியைத் தாண்டும்போதெல்லாம் தூசி தட்டிவிட்டுப் போகிற ஆசாமி.

நெசவாளி வீட்டுப் பிள்ளை என்பது நிஜம்தான். ஆனால், தறிப்பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன், போய்ப் படி என்று அப்பா விரட்டி விரட்டி வளர்த்த பிள்ளை. தறிச்சத்தம் எத்தனை மணிக்கு நிற்கும் என்று தெரியும். தறியில் என்ன நடக்கிறது என்று சத்தியமாகத் தெரியாது. ஐம்பது வயசில் இதை ஆரணியில் யாரிடம் சொல்ல முடியும்? மானம் கப்பலேறிவிடாதா?

ஐந்து அலகு, ஐந்து கற்றல் நோக்கம். அதிலும் ஒரு வில்லங்கம் வைத்திருந்தார்கள். 'அறிவார்', 'உணர்வார்' என்றெல்லாம் எழுதினால் அடித்துவிடுவார்களாம். படித்து முடித்தவன் என்ன செய்து காட்டுவான், அதைத்தான் எழுத வேண்டும். அறிவதும் உணர்வதும் என்றால் ஜெகநாதன் அரைமணி நேரத்தில் ஐம்பது எழுதித் தள்ளியிருப்பார்.

அவர் மனைவி ஹேமலதா கல்யாணத்துக்கு முன்பே தறி நெய்தவள். இப்போது நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் சேலைக்குத் தரம் பார்க்கிறவள். கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் போன வருஷம் அவள் சொல்லச் சொல்ல எழுதிய கட்டுரைக்கு ஜெகநாதனுக்குச் சால்வை போட்டார்கள். அவரும் மைக்கைப் பிடித்து, எல்லாம் என் சொந்த ஆராய்ச்சி என்று பேசிவிட்டார். மூன்றாவது வரிசையில் ஹேமலதா கைதட்டிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் ரசத்துக்கு உப்பில்லை.

ஆகவே ஏழரை மணிக்குச் சுற்றி வளைத்துப் போனார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"பாவம், அந்தக் காலத்துல நீ எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பே. தறி வேலைன்னா மொதல்ல என்ன செய்வே, அப்புறம் என்ன செய்வே, சொல்லேன். மனசுவிட்டுப் பேசிகினு இருப்போம்."

ஹேமலதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதாவது எழுதுகிறீர்களா, எழுதுவதென்றால் சொல்லுங்கள், நானே பார்த்துத் தருகிறேன் என்றாள். சேச்சே, சும்மாதான் என்றார். அதன்பின் அவள் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒவ்வொன்று முடிந்ததும் வயிறு சரியில்லை என்று இவர் கொல்லைப்பக்கம் ஓடி, பனியனுக்குள் வைத்திருந்த நோட்டில் எழுதினார். ஐந்தாவது தடவை திரும்பி வந்தபோது ஓமத்தண்ணீர் தயாராக இருந்தது. மறுபேச்சில்லாமல் குடித்தார். ஜெயித்தவன் கசப்பைப் பார்ப்பானா?

திங்கட்கிழமை காலை, சங்கத்து வேலையாக வெளியே போக வேண்டும், ஜல்தியாகச் சாப்பிடுங்கள் என்றாள் ஹேமலதா. எந்த வேலை என்று அவர் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டார்?

குழுவில் முதல்வர், வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர், வீரபாகு. இன்னொரு நாற்காலி காலி. தொழில்துறையிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி, சங்கத்திலிருந்து அனுப்புகிறார்கள் என்றார் முதல்வர். கதவு திறந்தது. அரக்குப் பட்டுச்சேலையில் ஹேமலதா வந்து உட்கார்ந்தாள். ஜெகநாதனுக்கு ஓமத்தண்ணீர் ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் என்று பார்க்காமல் கேளுங்கம்மா என்று முதல்வர் சிரித்தார். அவள் தாளை நிதானமாகப் படித்தாள்.

"மூணாவது நோக்கம், பாவு நூலைத் தறியில் ஏற்றிப் பிணைத்துக் காட்டுவார். நாலாவது, அந்தப் பாவுக்குச் சாயம் தோய்த்துக் காட்டுவார். சார், தறியில ஏத்தி இழுத்துக் கட்டின பாவு நூலை எப்படி சாயத்துல முக்குவீங்க? தறியோட தூக்கித் தொட்டியில போடுவீங்களா?"

பேராசிரியர்கள் பேனாவை மூடினார்கள். வீரபாகு கைக்குட்டையை எடுத்தான், துறைத்தலைவர் நாற்காலியைத் துடைக்கத்தான். தட்டச்சுப் பிழை என்று சொல்ல ஜெகநாதன் வாயைத் திறந்தார்.

"அப்போ சரியான வரிசைய நீங்களே சொல்லிடுங்க, எழுதிக்கறேன்," என்றாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகெல்லாம் வேர்வை. உண்மையைச் சொல்லாவிட்டால் நாற்காலி போகும், சொன்னால் மானம் போகும்.

"எனக்குத் தறி தெரியாதுங்க," என்றார் கடைசியில், மேஜையைப் பார்த்தபடி. "அஞ்சும் எங்க வீட்ல சொன்னதுதான். எழுதினது மட்டும் நான்."

ஹேமலதா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முதல்வரிடம் நீட்டினாள். ஐந்து நோக்கமும் சரியான வரிசையில், ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது என்பது வரை மணிமணியான கையெழுத்தில் இருந்தது. சாயத்தை மட்டும் வீட்டில் இடம் மாற்றிச் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும் என்றாள். பத்து நிமிஷத்தில் பாடம் தேறியது. நாற்காலி ஜெகநாதனுக்குத்தான். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் ஹேமலதா பெயரை முதல்வர் தன் கையாலேயே எழுதினார்.

ஸ்கூட்டரைக் கிளப்பும் முன் ஜெகநாதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குழுவுக்கு வரப்போவது எப்போது தெரியும் என்று கேட்டார். புதன்கிழமையே கடிதம் வந்துவிட்டது என்றாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று குதித்தார்.

அவள் பையிலிருந்து இன்னொரு துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது.

'ஆறாவது நோக்கம்: பெண்டாட்டி சொல்லிக் கொடுத்ததை, பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தது என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவார்.'

பக்கத்தில் சிவப்பு மை இன்னும் காயவில்லை. நூற்றுக்கு நாற்பது. பாஸ்.